தியானமும் மூளையும்



பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கந்தசுவாமி ஆலயமும் பௌத்த மகா விகாரையும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. முருகனடியார் மந்திரத்தை உருவேற்றி மனத்தை ஒன்றில் நிறுத்துகிறார். விகாரையின் சாதகரோ, வந்து போகும் மூச்சையும் எண்ணத்தையும் பற்றின்றிக் கவனித்திருக்கிறார். இரண்டுக்கும் தியானம் என்றே பெயர். மூளைக்கும் இரண்டும் ஒன்றுதானா?

புதுடில்லியில் டாக்டர் ஆனந்த் குழுவினர் யோகியர் நால்வரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, முடிவுகளை 1961இல் வெளியிட்டனர். அமைதி நிலையில் எழும் 'ஆல்பா' அலை, ஓசையோ ஒளியோ பட்டால் கலைவது இயல்பு. ஆழ்ந்த தியானத்தில் இருந்த யோகியருக்கோ பலத்த ஓசையாலும் அது கலையவில்லை.

1966இல் ஜப்பானின் கசமட்சு, ஹிராய் ஆகியோர் ஜென் துறவியரைப் பற்றி வெளியிட்ட முடிவு வேறானது. ஒரே ஓசை மீண்டும் மீண்டும் எழும்போது பிறரின் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. துறவியரின் மூளையோ ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகவே ஏற்றது. ஒரு நெறி புலன்வாயிலை அடைத்தது. மற்றொன்று அதைத் திறந்து வைத்து விழித்திருந்தது.

ஆயினும், 1981இல் பெக்கரும் ஷப்பிரோவும் இத்தகைய ஓசைச் சோதனையை நடத்தியபோது இவ்வேறுபாடு தென்படவில்லை. சிலரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது என்பதே இதன் பாடம்.

2011இல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் சிறிய ஆய்வொன்று, ஓங்காரம் ஓதும்போது உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிவதைக் காட்டியது. வெறும் 'ஸ்ஸ்' என்ற ஒலிக்கு அவ்வாறு நிகழவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு, நீண்டநாள் சாதகர்களிடம் மனம் தன்னைச் சுற்றியே அலையும்போது இயங்கும் பகுதிகள் அடங்கியிருப்பதைக் கண்டது. மனத்தை ஒன்றில் நிறுத்தல், அன்பைப் பெருக்குதல், வெறுமனே கவனித்தல் ஆகிய மூன்று முறைகளிலும் அந்த அடக்கம் காணப்பட்டது. வழிகள் வேறாயினும் ஓரிடத்தில் அவை சந்திக்கின்றன. எனவே, 'என் முறையே உயர்ந்தது' என்ற வாதம் வீண்.

எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்னும் விளம்பரங்களையும் நம்பிவிடலாகாது. 2022இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வில், எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் அத்தகைய அமைப்பு மாற்றம் எதுவும் தென்படவில்லை. தியானம் நாள்தோறும் செய்து வரவேண்டிய பயிற்சி, மாயவித்தை அன்று.

இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, வாழ்வே வெறுத்துத் துவண்டிருக்கும் மகனையோ மகளையோ, "தியானத்தில் உட்கார், சரியாகிவிடும்" என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருப்பது அன்பாகாது. அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோரின் கடமை. தியானம் மருந்துக்குத் துணை நிற்கலாம், மருந்துக்கு மாற்றாகாது.

மருத்துவமும் தியானமும் பகையல்ல என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. 1913 முதல் 1923 வரை மலாயாவில் நோயாளிகளுக்குப் பணிபுரிந்த பத்தமடை டாக்டர் குப்புசாமியே பின்னாளில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தராக விளங்கினார். நாடி பிடித்த கையே ஜெபமாலையையும் ஏந்தியது. அவ்விரண்டையும் நம் இல்லங்களும் போற்றுமாக.