வெட்டிய முனையும் கறையானும்

கணக்குப் பேசுகிறவன் மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். இதிலும் கணக்கு உண்டு. இங்கே ஆஸ்திரேலியாவில் வீட்டுக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை கறையான் சேதத்துக்கு ஒரு சதமும் தருவதில்லை. செலவு முழுவதும் எங்கள் தலையில்தான்.

ஊரில் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையைக் கறையான் இலேசில் தொடாது. இங்கே கடையில் வாங்கும் பைன் மரத்துக்கு அந்தப் பலம் இல்லை. மருந்தேற்றித்தான் காப்பாற்ற வேண்டும். மரத்தைப் பெரிய உருளைத் தொட்டிக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துக் கரைசலை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த பழைய மருந்தை 1933இல் கண்டுபிடித்தவர் இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொந்தி காமேசன். இது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாங்கும்போது மரத்தில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். எச்3 என்றால் வெளியில், நிலத்தில் படாமல் வைக்கலாம். மண்ணில் நடுவதற்கு எச்4 வேண்டும். விலை குறைவென்று எச்3 தூணை மண்ணில் நடுவது வீண்செலவு.

எச்4 வாங்கினாலும் ஒரு விடயம் இருக்கிறது. மருந்து எப்போதும் நடுமரம் வரை போய்ச் சேர்வதில்லை. வாளால் அறுத்ததும் மருந்து படாத உள்மரம் வெளியே தெரியும். நண்பர் ஒருவரின் வேலித்தூண் வெளியே பச்சை மாறாமல் நின்றது. தட்டினால் வெறும் கோது. அறுத்த முனையைக் கீழே வைத்து நட்டிருந்தார்கள், கறையான் அதன் வழியே ஏறிவிட்டது. ஆகவே அறுத்த முனை மேலே, தொழிற்சாலையில் இருந்து வந்த முனை மண்ணுக்குள். அறுத்த இடங்களுக்கெல்லாம் முனைக்குப் பூசும் மருந்தைத் தூரிகையால் நன்றாகப் பூசுங்கள். ஹாட்வெயார் கடைகளில் சிறிய டின்னாகவே கிடைக்கும். மரவேலைக்கு ஆள் பிடித்தால் இதைக் கேட்டுச் செய்விப்பது உங்கள் பொறுப்பு. அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மருந்தேற்றிய மரத்தைத் தின்னாவிட்டாலும், அதன்மேல் மண்குழாய் கட்டிப் பின்னால் இருக்கும் சாதாரண மரத்துக்குக் கறையான் போகும். வருடத்துக்கு ஒரு தடவையாவது வீட்டைப் பரிசோதிப்பியுங்கள்.

மிஞ்சிய துண்டுகளைப் பார்பிகியூ அடுப்பில் போடவே வேண்டாம். ஆர்சனிக் மருந்தை வீட்டு மேடைகளுக்கும் சிறுவர் விளையாட்டுச் சாதனங்களுக்கும் பயன்படுத்துவதை இங்கே 2006இல் நிறுத்தினார்கள். ஆனால் வேலித்தூண்களில் இன்றும் அது உண்டு, பழைய மேடைகளிலும் இருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். துண்டுகளை எங்கே ஒப்படைப்பதென்று உங்கள் நகரசபையிடம் கேளுங்கள்.