ஒரு துளி சிறுநீர், ஒரு துளி ரத்தம்



நடவு வயலில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு முகம் வீங்குகிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது. கண் மங்குகிறது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறோம். ஒருநாள் வலிப்பு வருகிறது. பேய் அறைந்துவிட்டதென்று வேப்பிலை தேடுகிறோம்.

பேயுமல்ல, தலைவிதியுமல்ல! கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றிய நோய் இது. வலிப்பு வருமுன்பே பரிசோதனையில் தடயம் தெரியும்.

முதல் தடயம் சிறுநீரில். 1843-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான் லீவர், வலிப்புக் கண்ட தாய்மாரின் சிறுநீரைக் காய்ச்சினார். முட்டை வெண்கருபோல் திரண்டது. 'உப்பு இறங்குகிறது' என்கிறோமே, அது உப்பல்ல, புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிக் கசிகிறது. இன்று சிறு பட்டையை நனைத்தாலே நிறம் மாறிக் காட்டிவிடும். ஒருநாள் முழுதும் சேர்த்த சிறுநீரில் 300 மில்லிகிராம் புரதம் இருந்தால் அபாய அறிகுறி.

பட்டை சுத்தமாயிருந்தாலும் ஏமாறக் கூடாது. புரதம் இறங்காமலும் இந்நோய் வரும். 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போயினவா? கிரியேட்டினின் 1.1-ஐத் தாண்டியதா? கல்லீரல் நொதிகள் இருமடங்காயினவா?

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. ரத்தக்குழாய்களை வளர்க்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதம் ரத்தத்தில் குறைகிறது. அதை முடக்கும் இன்னொரு புரதம் பெருகுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளக்கும் சோதனைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது விலை கூடியது. ஆனால் சிறுநீர்ப் பட்டையும் அழுத்தக் கருவியும் மலிவானவை. மருந்தும் மலிவே! 33 நாடுகளில் பத்தாயிரம் தாய்மாரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆராய்ச்சி, மக்னீசியம் சல்ஃபேட் ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது.

பின் தடுப்பது எது? ஒருநாள் கூலி! பரிசோதனைக்குப் போனால் அன்றைய அடுப்பு எரியாது. ஆகவே பரிசோதனை நாளுக்குக் கூலியுடன் விடுப்பு கேட்போம். ஆலையிலும் கேட்போம், வயலிலும் கேட்போம்.

ஆண் தோழர்களே! தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி கண்டால், "அறுப்பு முடியட்டும்" என்று தள்ளாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரசவமானபின் ஆறு வாரம் வரையிலும் கண்காணியுங்கள்.

அறுப்பு காத்திருக்கும், தாயின் உயிர் காத்திராது!