துருவ ஒளியும் வடக்கு வீதியும்



பயண இலக்கியம் என்றதும் நம்மிற் பலருக்குத் தூர தேசங்களே நினைவுக்கு வரும். ஏ. கே. செட்டியார் தமது நூலுக்கு ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவுக்குக் கண்டோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இன்றைய பேச்சில் இரண்டு சுற்றுலாக்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று உலகின் வடகோடியில், துருவ ஒளியைக் காணப் போனது. மற்றது நான் பிறந்து வளர்ந்த மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே போனது. இரண்டிலும் ஒரு சிறு வாகனம்; அதில் ஒரு டசினுக்குக் குறைவானவர்கள். முதலாவதில் கற்ற பாடம் இரண்டாவதில்தான் எனக்குப் பயன்பட்டது.

என் மகளும் மருமகனும் வட நோர்வேயில் வாழ்கிறார்கள். மருமகன் யாழ்ப்பாணத்தவர். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 ஆம் ஆண்டு நோர்வேக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்நாட்டுத் தமிழர் கதை தொடங்குகிறது என்பர். 1980களில் போருக்குத் தப்பிச் சென்றவர்களிற் பலர் வடபகுதி மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். துருவ ஒளியின் கீழ் நின்று மீன் வெட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தலைக்கு மேல் இருந்த ஒன்று, அவ்வளவுதான்.

நான் அங்கே போயிருந்த பெப்ரவரியில், துரொம்சோ நகரிலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாவுக்கு மகள் இடம் பதிவு செய்தாள். மாத்தளை ஏழரைப் பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. துரொம்சோவோ ஏறத்தாழ எழுபது பாகையில். நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. எங்கள் சிறு பஸ்ஸில் பதினொரு பேர். வழிகாட்டியாக வந்த இளம்பெண் புறப்படும்போதே சொன்னாள்: “வானம் தெளிவாக இருக்கும் இடத்துக்கு உங்களைக் கொண்டுபோவேன். ஒளி வரும் என்று வாக்குத் தரமாட்டேன்.” காசு வாங்கிய பின்னர் இப்படிச் சொல்லும் வியாபாரத்தை நான் அதுவரை கண்டதில்லை.

துருவ ஒளி என்பது என்ன? சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றிற் சிலவற்றைத் துருவங்களை நோக்கி வழிநடத்துகிறது. அவை நூறு கிலோமீற்றருக்கும் மேலுள்ள மெல்லிய காற்றில் மோதும்போது ஒட்சிசன் பச்சையாக ஒளிர்கிறது. இன்னும் உயரத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. நைதரசன் நீலத்தையும் ஊதாவையும் தருகிறது. இந்த வழியில் முதலிற் சிந்தித்தவர்களில் முக்கியமானவர் நோர்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்தியான் பிர்க்கலாந்து. வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்தக் கோளத்தை வைத்துச் செயற்கைத் துருவ ஒளியை உண்டாக்கிக் காட்டியவர். 1994 இல் வெளியான 200 குரோனர் தாளில் அவரது முகத்தை அச்சிட்டுப் பெருமை செய்தார்கள்.

இலக்கிய நேயர்களுக்கு இன்னொரு செய்தி. ஏறத்தாழ 1250 ஆம் ஆண்டளவில் நோர்வேயில் எழுதப்பட்ட ஒரு நூலுக்கு ‘அரசனின் கண்ணாடி’ என்று பொருள்படும் பெயர். தந்தையும் மகனும் உரையாடும் முறையில் அமைந்தது. அதில் தந்தை இந்த ஒளியை வருணித்து, உலகைச் சூழ்ந்த கடலுக்கு அப்பால் எரியும் நெருப்போ, இரவிலும் மேலெழும் சூரியக் கதிரோ, பனிப்பாறைகள் உமிழும் ஒளியோ என்று மூன்று விளக்கங்களை முன்வைக்கிறார். விஞ்ஞானம் வேறு விடை தந்துவிட்டது. ஆனால் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தாம் கண்டதற்குச் சொல் தேடியிருக்கிறார் அல்லவா? அந்தத் தேடல் இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது.

எங்கள் பஸ் மேகமில்லாத வானைத் தேடி இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு பெரிய பஸ் நுழைய முடியாத ஒடுங்கிய பாதையொன்றில் திரும்பி நின்றது. வழிகாட்டி முதற் காரியமாக வாகனத்தின் விளக்குகளை அணைக்கச் சொன்னாள்; பிறகு எங்கள் கைத்தொலைபேசிகளையும் பைக்குள் வைக்கச் சொன்னாள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகுமாம். குளிரில் பற்கள் தந்தியடிக்க நின்றோம். வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு தெரிந்தது. புகை என்றே சொல்லலாம். யாரோ பொறுமையிழந்து கமராவை உயர்த்தினார். அதன் திரையில் அதே வளைவு பச்சைப் பசேலென்று விழுந்தது. கமரா பல விநாடிகள் ஒளியைச் சேகரிக்கிறது. நமது கண்ணுக்கு மங்கிய வெளிச்சத்தில் நிறம் தெரிவதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பின் அந்தப் புகையே வலுத்துப் பச்சைத் திரைச்சீலையாக அசைந்தது. அப்போது யாருக்கும் கமரா தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் அந்தப் பெண் சொன்னது: “பகலிலும் இது மேலே இருக்கிறது. சூரிய வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை.”

நேயர்களே, இனி மாத்தளைக்கு வருவோம்.

மறு ஆண்டு மகளின் குடும்பம் விடுமுறைக்கு வந்தது. அவர்களுடன் நோர்வே நாட்டு நண்பர்கள் இருவர், கணவனும் மனைவியும். அந்த அம்மையார் நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேன் ஒன்றைப் பிடித்தோம். சாரதியோடு ஒன்பது பேர். அதிகாலையில் சிகிரியா, பிறகு தம்புள்ளைக் குகை விகாரை, வரும் வழியில் நாலந்தா கெடிகே, இறுதியாக அலுவிகாரை. மாத்தளைக்கு வரும் எந்தச் சுற்றுலாக்காரரும் போகும் நிரல்தான்.

குறை சொல்லத்தக்க இடங்கள் அல்ல இவை. அலுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம். நாலந்தா கெடிகே, பல்லவர் பாணிக் கற்கட்டடம். போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். சிகிரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்ட கோட்டை. 1982 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

சிகிரியாவின் சித்திரப் பெண்களைப் படம் எடுக்க அனுமதியில்லை. “நல்லது, இங்கேயும் கண்ணாற்தான் பார்க்க வேண்டும்” என்று அம்மையார் சிரித்தார். கீழே கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரியும்படி மெருகேற்றிய சுவர். அதிலேதான் நம் நாட்டுச் சுற்றுலாக்காரர்களின் மிகப் பழைய பதிவுப் புத்தகம் இருக்கிறது. அரண்மனை அழிந்த பின் இந்தச் சித்திரங்களைக் காண வந்தவர்கள், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையுள்ளவர்கள், தாம் கண்டதைப் பாட்டாக எழுதி வைத்தார்கள். துறவிகள், படைவீரர், அதிகாரிகள், பெண்கள் எனப் பலதரத்தார். பேரையும் ஊரையும் சேர்த்து எழுதியவர்களும் உண்டு. பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களை வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். இன்று அந்தச் சுவரில் எழுதினால் தண்டனை, அது நியாயம். ஆனால் அன்று அவர்கள் எழுதியிராவிட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சாதாரண மனிதர் ஓர் ஓவியத்தின் முன் நின்று என்ன உணர்ந்தார் என்பது நமக்குக் கிடைத்திருக்காது.

தம்புள்ளையைத் தாண்டி வேன் மாத்தளையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அம்மையார் கேட்டார். “அந்தச் சுவரில் எழுதியவர்கள் இந்த நாட்டில் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் என்றீர்கள். உங்கள் முன்னோர் எந்த வழியாக மாத்தளைக்கு வந்தார்கள்?”

மகள் மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேனின் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினேன். “இதே வழியாகத்தான்.”

சாரதித் தம்பி வேகத்தைக் குறைத்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். “எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே, ஐயா” என்றார்.

கோப்பிக் காலத்துக் கதை அது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் சிறு சிறு கூட்டங்களாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். தோணியில் பாக்கு நீரிணையைக் கடந்து, தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறினார்கள். பிறகு மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள்ளே நடை. ஏறத்தாழ 150 மைல். வடக்கு வீதி என்பது அதன் பெயர். மாத்தளை அந்த நடையின் வாசற்படி. இங்கிருந்துதான் மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். தண்ணீர்ப் பஞ்சமும் மலேரியாவும் வாந்திபேதியும் பாதையோரத்திலேயே பலரை வீழ்த்தின. கோப்பி பருவப் பயிராதலால், பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆகவே அதே காட்டை இரண்டாம் முறையும் கடக்க வேண்டியிருந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். மாத்தளைக்கு ரயில் 1880 இல் வந்தது. தலைமன்னாருக்கு 1914 இல்.

அந்தச் சிறு கூட்டங்களும் இந்த நாட்டைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருக்கும். தம்புள்ளைப் பாறை அவர்களுடைய கண்ணுக்கும் தெரிந்திருக்கும். தொலைவில் மாத்தளை மலைகள் முதன்முதலாக நீலமாய்த் தோன்றியபோது யாரோ ஒரு தாய் இடுப்புப் பிள்ளைக்குச் சுட்டிக் காட்டியிருப்பாள். அவள் என்ன சொன்னாள்? சிகிரியாச் சுவரில் 685 பாட்டுகள் இருக்கின்றன. இந்தப் பாதையின் கல்லில் ஒரு வரியும் இல்லை. எழுத்தறியாதவர்கள் எழுதவில்லை. எழுத்தறிந்த அரசாங்கமோ வந்தவர்களின் தொகையை எழுதியது.

ஆனால் பாடினார்கள். லயத்து வாசல்களிலும் கொழுந்து மலைகளிலும் வாய்க்கு வாய் நின்ற பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்து வைத்தார். அவர் 1984 இல் மறைந்தார். ஊர்ப்பெயரையே தம் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்ட மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் போன்றோர் பின்னர் எழுதினார்கள். 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி பதினாறு நாட்கள் இதே வழியில் நடந்து ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. கால்கள் அந்தப் பாதையை மறுபடி வாசித்துப் பார்த்தன எனலாம்.

எனினும் எங்கள் சுற்றுலா நிரலில் அந்தப் பாதைக்கு ஒரு நிறுத்தம் இருக்கவில்லை. சிகிரியாவின் ஒளி பெரிது. அதற்குப் பக்கத்தில் இது மங்கல். துரொம்சோவில் அந்தப் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டு நாவுலையைக் கடந்ததும் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. தார் வீதி, இருபுறமும் மரங்கள், ஓடிச் செல்லும் லொறிகள். பத்து நிமிடம் நின்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையைச் சொன்னேன். மருமகன் கேட்டார்: “மாமா, சின்னப் பிள்ளைகளும் நடந்தவையோ?” நடந்தார்கள் என்றேன். அவர் தன் இளைய பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்தப் பத்து நிமிடமும் யாரும் படம் எடுக்கவில்லை.

பெரிய பஸ்ஸில் நாற்பது பேரோடு வந்திருந்தால் இப்படி நிறுத்தியிருக்க முடியாது. சிறு கூட்டத்தின் வசதி அது: ஒருவர் கேட்கலாம், ஒருவர் சொல்லலாம், எல்லோருமாகக் காத்திருக்கலாம்.

மாத்தளைக்கு வரும் நேயர்கள் சிகிரியாவில் ஏறுங்கள், தம்புள்ளையைப் பாருங்கள், முத்துமாரியம்மன் கோவிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடுவதையும் காணுங்கள். ஆனால் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் எங்காவது பத்து நிமிடம் வாகனத்தை நிறுத்துங்கள். இன்னுமொன்று. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால், அவருடைய பாட்டி அந்த நடையைப் பற்றி என்ன சொன்னார் என்று கேளுங்கள். ஒரு சொல், ஒரு தாலாட்டு, தண்ணீர் குடித்த ஒரு குளத்தின் பெயர், எதுவாக இருந்தாலும் போதும். கேட்டதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி, சொன்னவரின் பெயரையும் ஊரையும் திகதியையும் கீழே போடுங்கள். கண்ணாடிச் சுவரில் எழுதியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.