ஒக்டோபரில் கேட்கும் ஒரு சத்தம்

கனடாவில் நன்றியறிதல் நாள் விடுமுறை கழிந்த கையோடு, ரொறன்ரோவை அடுத்த மார்க்கம், வான், பிரம்டன் பக்கத்துத் தெருக்களில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்த பெரிய கொம்பிரசர் உறுமும். சற்று நேரத்தில் யாரோ ஒருவருடைய புல்தரையில் ஸ்பிரிங்ளர்கள் தலையைத் தூக்கும். குளிர்காற்று அடிக்கிற நாளில் அவை தண்ணீர் தெளிக்கும். தண்ணீர் பிறகு புகையாகும். புகை வெறுங்காற்றாகும். தலைகள் மறுபடி மண்ணுக்குள் இறங்கிவிடும்.

'புளோ அவுட்' என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் இந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். நிலத்துக்கடியில் ஓடும் நீர்க்குழாய்களைக் குளிர்காலத்துக்கு வெறுமையாக்கும் வேலை. பல வீடுகளில் இதைப் புல் வெட்டுவதைப் போல ஒரு கூலிவேலையாகவே பார்க்கிறோம். எனக்கு இதில் ஒரு கைத்திறன் தெரிகிறது. அந்தத் திறனின் பெரும்பங்கு காதில் இருக்கிறது.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கிறது. ரொறன்ரோப் பக்கத்தில் வீட்டு அத்திவாரத்தை 4 அடிக்குக் கீழே கொண்டுபோகச் சொல்வதே, குளிர் அவ்வளவு ஆழம் இறங்கக்கூடும் என்பதால்தான். ஸ்பிரிங்ளர் குழாய்களோ 8 முதல் 12 அங்குல ஆழத்தில் கிடக்கின்றன. அவற்றை உறையாமல் காப்பாற்ற வழியே இல்லை. உறைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் செய்வதுதான் ஒரே வழி. உறைந்த பகுதிக்கும் மூடிய வால்வுக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் நெரிபட்டு நெரிபட்டு, பித்தளையைக்கூடப் பிளந்துவிடும்.

சொந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது விளங்கவில்லை. பேஸ்மென்டில் இருந்த வால்வை மூடினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். மே மாதம் வால்வைத் திறந்தபோது, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பித்தளைக் கருவியிலிருந்து ஒரு தண்ணீர்க்கத்தி சீறிக்கொண்டு செங்கல்லில் அடித்தது. அருகே போய்ப் பார்த்தால், தலைமயிர் அளவு வெடிப்பு. தோட்டத்துத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குத் திரும்பி வராமல் தடுக்கும் 'பேக்ஃப்ளோ' கருவி அது. ஸ்பிரிங்ளர் தொகுதியில் விலை கூடிய பாகங்களில் ஒன்று, நிலத்துக்கு மேலே குளிரை நேராக வாங்கிக்கொண்டு நிற்பதும் அதுதான்.

அடுத்த ஒக்டோபரில் ஒரு வயதான வேலைக்காரர் வந்தார். அவர் செய்ததை அன்றிலிருந்து மனதில் வைத்திருக்கிறேன். முதலில் பேஸ்மென்டுக்குப் போய் வால்வை மூடி, பக்கத்திலிருந்த சிறு மூடியைக் கழற்றி, மிஞ்சிய தண்ணீரை ஒரு வாளியில் வடித்தார். வெளியே வந்து, பேக்ஃப்ளோ கருவிக்கு அப்பால் இருந்த வாயில் காற்றுக்குழாயைப் பூட்டினார். அந்தக் கருவிக்குள்ளால் காற்றை அடிக்கக்கூடாது, உள்ளிருக்கும் மென்மையான பாகங்கள் கெட்டுவிடும் என்றார். அதற்குப் பிறகும் அவர் காற்றைத் திறக்கவில்லை. கராஜில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில், வீட்டிலிருந்து ஆகத் தூரத்து ஸ்பிரிங்ளர் பகுதியின் வால்வைத் திறக்க விட்டார். காற்று போக வழி இருந்தால் மட்டுமே காற்றை விட வேண்டும். எல்லா வால்வும் மூடிக் கிடக்கும்போது கொம்பிரசர் அடித்தால், அந்த அழுத்தம் முழுவதையும் குழாய் தாங்க வேண்டிவரும்.

பிறகு காற்று வந்தது. அவர் ஸ்பிரிங்ளர்களைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். முதலில் வழமையான தெளிப்புச் சத்தம். அடுத்து இருமுவது போல விட்டுவிட்டு ஒரு கொப்பளிப்பு. அதன்பின் ஒரு நீண்ட சீறல், நீர்த்தூசு கலந்தது. அந்தச் சீறல் காய்ந்து மெலிந்த உடனே கையைத் தூக்கினார், அடுத்த பகுதிக்கு மாற்றினார். ஒரு பகுதிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாவது சுற்று, இன்னும் சுருக்கமாக.

கொஞ்சம் கூடுதலாக அடித்தால் என்ன என்று கேட்டேன். சுழலும் தலைகளுக்குள் சிறிய பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றைக் குளிர்விப்பதும் உராயாமல் வழுக்கவைப்பதும் உள்ளே ஓடும் தண்ணீர்தான். காய்ந்த காற்றில் அவை வெறிபிடித்துச் சுற்றும், சூடேறி உருகும். குழாயின் அடியில் சில துளி கிடந்தால் குற்றமில்லை, அது பெருக்க இடம் இருந்தால் போதும் என்றார்.

எனக்கு உடனே யாழ்ப்பாணத் தோட்டம் நினைவு வந்தது. கிணற்றிலிருந்து துலாவால் தண்ணீர் இறைத்த காலத்தில் துலா மிதிப்பவர் மேலே, பட்டை பிடிப்பவர் கிணற்றடியில், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுபவர் தோட்டத்துக்குள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் வரம்பு உடையும். இங்கே மண்வெட்டிக்குப் பதில் 24 வோல்ட் மின்சாரத்தில் திறக்கும் வால்வு. நிறைவதைப் பார்ப்பதற்குப் பதில் வெறுமையாவதைக் கேட்பது. நிறுத்த வேண்டிய கணத்தை அறிவது அங்கும் இங்கும் ஒன்றே.

இந்த வேலையைத் தாங்களே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஆணி அடிக்க வைத்திருக்கும் சிறிய கொம்பிரசர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று கன அடி காற்றுத்தான் தரும். வேலைக்காரர் இழுத்து வருவது நூற்றுக்கும் மேல் தரும். தண்ணீரைத் தள்ளுவது காற்றின் அளவு. அளவு போதாதவர்கள் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், அங்கேதான் தலைகள் தெறிக்கின்றன. வளையும் கறுப்புக் குழாய்க்கு 50 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். காற்று ஓடும்போது எந்தத் தலைக்கு மேலேயும் குனியாதீர்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள்.

தானாக வடியும் வால்வுகள் உள்ள தொகுதிகளும் உண்டு. நான் அவற்றை விரும்புவதில்லை. கோடை முழுவதும் ஒவ்வொரு முறை நின்றதும் கொஞ்சம் தண்ணீரை மண்ணுக்குள் விடுகின்றன. மண் அடைத்தால், வடிந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதியையும் தருகின்றன.

ஸ்பிரிங்ளர் இல்லாத வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. உறையாது என்று சொல்லி விற்கும் தோட்டத்துப் பைப்புகளில் அடைப்பு சுவருக்கு உள்ளே, சூடான பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்துத் தண்ணீர் வடிந்தால்தான் அந்த ஏற்பாடு பலிக்கும். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாது. குழாய் சுவருக்குள்ளேயே வெடிக்கும், வசந்தத்தில் திறக்கும்வரை உங்களுக்குத் தெரியவும் வராது. இன்று மாலையே கழற்றி வையுங்கள்.

வசந்தத்தில் தண்ணீரை ஒரே திருப்பில் விடாதீர்கள். வெறுங்குழாய்க்குள் பாயும் தண்ணீர் முனையில் போய்ச் சம்மட்டியாக அடிக்கும். வால்வைக் கால்பங்கு திறந்து, காற்று முழுதும் வெளியேறும் சத்தம் அடங்கும்வரை பொறுங்கள்.

அந்த வயதான மனிதர் போவதற்கு முன் கடைசியாக ஒன்று செய்தார். பேக்ஃப்ளோ கருவியின் இரண்டு கைப்பிடிகளையும் முழுதாகத் திறக்காமல், முழுதாக மூடாமல், 45 பாகை சாய்வில் விட்டார். மூடினால் வால்வின் உருண்டைக்குள்ளே ஒரு வாய் தண்ணீர் சிறைப்படும், அதுவே போதும் பித்தளையைப் பிளக்க. இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் சமையலறைச் சன்னலால் எட்டிப் பார்ப்பேன். இரண்டு கைப்பிடிகளும் பனியைச் சுமந்தபடி ஒரே சாய்வில் நிற்கும்.