கூடிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள்

(வாலாஜாபாத் ஊராட்சி ஒன்றியத்து இளைஞர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உங்களிடம் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதையாகும். 1955-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு தொழில், 2013-இல் ஒரகடத்திற்கும், பின்னர் வல்லம் வடகாலுக்கும் வந்து சேர்ந்தது. யமஹா நிறுவனத்தின் ஆலையும் வல்லம் வடகாலில் இருக்கிறது. இங்கே அமர்ந்திருப்போரில் சிலர் இன்று காலை அத்தகைய வண்டிகளுக்குத் திருகாணி முடுக்கிவிட்டே வந்திருக்கக் கூடும். வண்டியின் உறுப்புக்களை நம்மைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே வண்டியைப் பற்றிப் பேசாமல், பல வண்டிகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சாலையில் செல்லும்போது நிகழ்வதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம்.

இவ்வழக்கம் நம் வட்டாரத்தில் இரு வகையாக இருக்கிறது. ஒன்று, அன்றாடம் நடப்பது. ஓர் ஊரிலிருந்து ஒரே ஷிப்டுக்குச் செல்லும் ஐந்தாறு பேர், ஊர் எல்லையில் ஒருவருக்கொருவர் காத்திருந்து, சேர்ந்து புறப்படுகிறார்கள். பெண்களும் ஸ்கூட்டர்களில் இவ்வாறே துணை சேர்ந்து செல்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பெண்களுக்கு அத்துணை இன்றியமையாதது என்பதையும் கூற வேண்டும். மற்றொன்று, விடுமுறையில் நடப்பது. பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் காஞ்சிபுரம் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து ஏலகிரிக்கோ, இன்னும் துணிந்தவர்கள் கொல்லிமலைக்கோ புறப்படுகிறார்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஊர் சுற்றிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. வாரம் ஆறு நாள் ஆலையின் கூரைக்குக் கீழ் நிற்பவன் ஒரு நாள் மலைக்காற்று வாங்குவது நல்லதே.

ஆனால், கூடிச் செல்லும்போது மனத்தில் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. தனியே செல்பவன் இரு புறமும் பார்க்கிறான், வேகத்தைக் குறைக்கிறான். அவனே நால்வரோடு செல்லும்போது, முன்னே செல்பவன் பார்த்துக் கொள்வான் என்று இருந்துவிடுகிறான். முன்னே செல்பவனோ, பின்னால் வருபவர்கள் தன் வேகத்தை மெச்ச வேண்டும் என்று நினைக்கிறான். ஐவர் சென்றும் சாலையைப் பார்க்கும் கண் ஒரு ஜோடிதான் என்றால், அது கூட்டமாகுமா?

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள். இவ்விஷயத்தில் முதலிடம் நமக்கு வேண்டாம்.

இனி, கூடிச் செல்வதில் உள்ள அபாயத்தின் மூலத்தைச் சற்று விரிவாகக் காண்போம். அது சிறு கணக்கு. பள்ளிப் பிள்ளையும் போடக் கூடியது.

எட்டு வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரிசையாகச் செல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போகிறது. முதல் வண்டி லாரியை முந்திச் சென்றுவிடுகிறது. எதிரே வாகனங்கள் வருவதால் கடைசி வண்டிக்கு ஒரு நிமிஷம் வழி கிடைப்பதில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் முதல்வன் 1,000 மீட்டர் போய்விட்டான். கடைசியில் வருபவனோ சுமார் 667 மீட்டர்தான் வந்திருக்கிறான். இடைவெளி 333 மீட்டர் கூடிவிட்டது. லாரியைக் கடந்த பின் அவன் என்ன செய்வான்? முன்னவர் 60-லேயே போய்க் கொண்டிருந்தால், ஒரு நிமிஷத்தில் அவர்களைப் பிடிக்க அவன் 80 கிலோமீட்டர் வேகத்தில் போயாக வேண்டும். ஆக, கூட்டத் தலைவன் 60-க்கு மேல் செல்லாத நிதானஸ்தனாக இருந்தாலும், கடைசி வண்டி 80-இல் பறக்கிறது. வேகம் 60-லிருந்து 80-ஆகும்போது, மோதலின் வலிமை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிறது. மேலும், கடைசியில் வருபவன் யார்? பெரும்பாலும் புதிதாக வண்டி பழகியவன்; அல்லது 100 சி.சி. வண்டி வைத்திருப்பவன், அல்லது பின்னால் மனைவியை அமர்த்திக் கொண்டு வருபவன். யார் மெல்ல வர வேண்டுமோ, அவனே மிகுந்த வேகத்தில் வர நேரிடுகிறது.

இதே கணக்கை மாற்றிப் போடுங்கள். லாரியைக் கடந்தவுடன் முதல்வன் தன் வேகத்தை 50-ஆகக் குறைத்துக் கொள்கிறான். கடைசியில் வருபவன் 60-லேயே வந்தாலும் இரண்டு நிமிஷத்தில் சேர்ந்துவிடுகிறான். ஒருவரும் 60-ஐத் தாண்டவில்லை. செலவு இரண்டு நிமிஷ நிதானம்.

ஆகவே, கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவன் மிகவும் மெதுவாகச் செல்பவனே. புதியவனை முதல்வனுக்கு அடுத்த இடத்தில் விட வேண்டும். நன்கு பழகிய, நிதானமான ஒருவர் கடைசியில் வர வேண்டும். நம் ஊர்களில் வல்லவன் முன்னே போக விரும்புகிறான். கடைசி இடத்தை எவரும் விரும்புவதில்லை. நம்மைக் கேட்டால், அவ்விடமே மதிப்புக்குரியது என்போம். வண்டி நின்றவனையும், கீழே விழுந்தவனையும் முதலில் காண்பவர் அவர்தாம்.

ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பாளி என்று புறப்படும் முன்னரே பேசிக் கொள்ள வேண்டும். கண்ணாடியில் பின்னவர் தெரியவில்லையெனில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னும் தெரியவில்லையெனில் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். இவ்வொரு விதி இருந்தால், தொடர் தானாகவே முன்வரை செய்தியைக் கொண்டு போய்விடும். கைப்பேசியை எடுத்து அழைக்கவும் வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டிய இடங்களில், இரண்டாவதாக வருபவர் முனையில் ஓரமாக நின்று, கடைசி வண்டி வரும்வரை வழி காட்டலாம். அவ்வாறெனில், வழி தவறிவிடுவோமோ என்ற அச்சத்தால் எவரும் துரத்தி வர நேராது.

சாலையில் நிற்கும் முறையையும் கூறுவோம். வாலாஜாபாத்தில் ஆங்கிலேயர் காலத்தில் படைப் பாசறை இருந்தது. அன்று சிப்பாய்கள் இங்கே இருவர் இருவராக அணி வகுத்துச் சென்றிருப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அம்முறை ஆகாது. பேசிக்கொண்டே இருவர் தோளோடு தோள் செல்வதை ஒரகடம் சாலையில் அன்றாடம் காண்கிறோம். குழி ஒன்று வந்தால் விலக இருவருக்கும் இடமில்லை. அகன்ற சாலையில், தமக்குரிய தடத்திற்குள், முதல் வண்டி சற்று வலப்புறமாகவும், அடுத்தது சற்று இடப்புறமாகவும், இவ்வாறு மாறி மாறிச் செல்வதே சிறந்தது. மூலைவாட்டில் இருப்பவருக்கு ஒரு விநாடியும், நேர் முன்னே இருப்பவருக்கு இரண்டு விநாடியும் இடைவெளி வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். முன்னவர் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும் முன் நாம் அக்கம்பத்தை அடைந்துவிட்டால், மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். மழையில் இதனை இரட்டிப்பாக்குக. வளைவுகளிலும், குறுகிய கிராமச் சாலைகளிலும், மலைப்பாதையிலும் ஒற்றை வரிசையே தகும். வண்டிகள் பன்னிரண்டு இருந்தால், ஆறு ஆறாகப் பிரிந்து, நடுவே மற்ற வாகனங்கள் புகுந்து செல்லப் போதிய இடம் விடுக. சாலை நம் கூட்டத்திற்கு மட்டும் உரியதன்று.

முந்திச் செல்வதில் ஒரு கெட்ட பழக்கத்தைக் காண்கிறோம். முன்னே கடந்தவர் திரும்பிப் பார்த்து, ‘வா, வா’ என்று கையசைக்கிறார். அவர் கடந்தபோது எதிர்ச்சாலை வெறுமையாக இருந்திருக்கலாம். அடுத்தவர் கடக்கும்போது அங்கே பஸ் வரலாம். கையசைப்பை நம்பிச் செல்லலாகாது. ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்தே முந்த வேண்டும். லாரிகளிடம் இதைவிட எச்சரிக்கை தேவை. நம் வட்டாரத்துக் கல் குவாரிகளின் லாரிகளும், ஆலைகளிலிருந்து கார்களை ஏற்றிச் செல்லும் நெடிய டிரெய்லர்களும் திரும்புகையில் பெரும் இடத்தை அடைத்துக் கொள்கின்றன. ஓட்டுநரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லையெனில், நாமும் அவருக்குத் தெரியவில்லை. லாரியின் இடப்புறத்துச் சந்தில் நுழையவே வேண்டாம்.

இரவில் மற்றொரு தொல்லை உண்டு. கூட்டத்தில் வருபவனுடைய கண் தன்னையறியாமல் முன்வண்டியின் சிவப்பு விளக்கில் பதிந்துவிடுகிறது. பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவனுக்கு அவ்விளக்கு தாலாட்டுப் போலாகிவிடும். சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரியை முன்னவன் சட்டென்று விலகிச் சென்றுவிடுவான். பின்னவன் அதன் மீதே மோதுவான். விளக்கைக் கடந்து சாலையைப் பார்க்கப் பழகுங்கள். கண் செருகினால், கூட்டத்தை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஒரு தேநீருக்கு ஆகும் நேரம் எவருக்கும் நஷ்டமில்லை.

தலைக்கவசத்தைப் பற்றி நீண்ட உபதேசம் செய்ய எண்ணமில்லை. 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் இந்நாட்டில் 50,029 பேர். அவர்களில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். மனைவியையும் தங்கையையும் வெறுந்தலையோடு அமர்த்திச் செல்பவர்கள் இதைக் கவனிக்க. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்பது குற்றம். ஆகவே சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள். வாங்கியபின் நாடாவைப் பூட்டுங்கள். பூட்டாத கவசம் விழும்போது நம்மை முந்திக் கொண்டு போய்விடும். சகோதரிகள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் சக்கரத்திற்கு எட்டாமல் செருகிக் கொள்ள வேண்டும்.

பெற்றோர்களும் சிலர் வந்திருக்கிறீர்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, அவன் சாலையில் குற்றம் புரிந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி தகப்பனாருக்கு 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளை அழுகிறான் என்று சாவியைக் கொடுப்பவர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால்? எல்லோரும் சேர்ந்து ஓடி வந்து சாலை நடுவே சூழ்ந்து கொள்வதே வழக்கமாக இருக்கிறது. அதனால் இரண்டாவது விபத்து நேரிடும். இருவர் மட்டும் விழுந்தவரிடம் செல்லட்டும். ஒருவர் பின்னோக்கி நடந்து சென்று வரும் வாகனங்களை எச்சரிக்கட்டும். ஒருவர் 108-ஐ அழைத்து, ஊரும் கிலோமீட்டர்க் கல்லும் சொல்லட்டும். மூச்சுக்குத் தடையிருந்தாலொழியத் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம். தண்ணீர் புகட்டவும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பணம் கட்ட வேண்டியதில்லை. பணமில்லையே என்று வீட்டுக்குத் திரும்பித் தாமதிக்க வேண்டாம். வழிப்போக்கராக உதவி செய்பவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்றும் சட்டமிருக்கிறது. போலீஸ், கோர்ட்டு என்று அஞ்சி ஒதுங்குவோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஊராட்சிகளுக்கு ஒரு வார்த்தை. சாலையில் செல்பவனுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுச் சாலையைச் சும்மா விட்டுவிடுவது முறையன்று. அறுவடை முடிந்ததும் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, இரவில் குவித்து, சுற்றிலும் கருங்கற்களை வைக்கிறோம். முதல் வண்டி கல்லை விலகிப் போகும். மூன்றாவது வண்டி அதன்மேல் ஏறும். உலர் களம் இல்லாத ஊர்கள் களம் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் முனையில் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்ப்பது ஊராட்சியின் கடமை. வேகத்தடையோ எச்சரிக்கைப் பலகையோ நெடுஞ்சாலையில் நாமாக வைத்துவிட முடியாது. அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. இரவோடிரவாக மண்ணைக் கொட்டித் தாங்களே வேகத்தடை போடும் ஊர்களும் உண்டு. அத்தகைய தடை இருட்டில் ஆளைத் தள்ளிவிடும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், உங்கள் ஊர் முனையில் இன்ன இடத்தில் இன்ன குறை என்று அடையாளத்தோடு தீர்மானம் எழுதி, இளைஞர்களே கையொப்பமிட்டுக் கொண்டு வாருங்கள். நம் அலுவலகத்தில் அதனைப் பெற்று, உரிய துறைக்கு அனுப்பி, அனுப்பிய தேதியையும் உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம்.