வரிசைக்கு ஒரு முடிவு தெரியணும்



மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் நம் வீடுகளில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய்க் குப்பி எல்லாம் பைக்குள் ஏறிவிடும். பெருநகரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்குகிற பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குக் குற்றாலம்தான் பூங்கா. ஊரில் பொருட்காட்சி போட்டால் ராட்சத ராட்டினம் கூடுதல். எங்கே போனாலும் முதலில் நம்மை வரவேற்பது வரிசைதான். சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும், குளிப்பது கொஞ்சம், நிற்பது நிறைய.

அந்த வரிசையில் ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு நிற்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு சில வார்த்தைகள்தான். தண்ணீர் என்றால் உயிர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டால் விரலிடுக்கில் நீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அருவிக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் அருவிக்கு முன்னால் வரிசை இருக்கிறதே! பின்னால் நிற்பவரின் ஈரக்கை முதுகில் படும். போலீஸ் விசில் அடிக்கும். ஒலிபெருக்கியில் காணாமல் போனவர் பெயரைக் கூப்பிடுவார்கள். நகர்ந்துகொண்டிருந்த வரிசை, காரணம் தெரியாமல் நின்றுவிடும். அவன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்குவான். பிறகு தரையில் உட்கார்ந்து அலறல். "பிள்ளைய அடக்கி வளக்கத் தெரியல" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கட்டாயம் வரும்.

அது அடம் இல்லை. அடம்பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். தாங்கமுடியாமல் உடைந்துபோகிற பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது.

டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-ல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைக்கும் ஓட்டலுக்கும் வருகிற வாடிக்கையாளர்களை மனதில் வைத்து எழுதியது. ஆட்டிசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். காரணம் சொல்லாத காத்திருப்பும், சும்மா நிற்கிற நேரமும் அப்படித்தான். நமக்கே இப்படி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் மனசு அமைதியாக இருக்கும் என்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நாமோ "இந்தா வந்துட்டுய்யா, கொஞ்ச நேரந்தான்" என்றே அரைமணி நேரம் ஓட்டுகிறோம். அவனால் நிற்கமுடியாது என்பதில்லை. எதுவரைக்கும் நிற்கவேண்டும் என்பதை நாம் சொல்வதில்லை.

அக்கா அதை அட்டையில் சொல்கிறாள். பழைய காலண்டர் அட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெல்க்ரோ பட்டை ஒட்டி, அதன்மேல் வரிசையாகப் படங்கள்: கார், இரும்புக் கம்பி போட்ட வரிசை, அருவி, துண்டு, பஜ்ஜி. ஒவ்வொன்றும் முடிய முடிய அவனே பிய்த்துப் பைக்குள் போடவேண்டும். வெல்க்ரோ பிரிகிற 'கிர்ர்' சத்தம் அவனுக்குப் பிடிக்கும், அதற்காகவே செய்வான். படங்களை வைத்து நாளை ஒழுங்குபடுத்துகிற இந்த முறையை 1970-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். இன்று நம் ஊர் ஸ்பெஷல் ஸ்கூல்களிலும் பார்க்கலாம். ஆனால் ஐந்தருவியில் ஒரு சிக்கல் வந்தது. வரிசைப் படம் மட்டும் பட்டையை விட்டு நகரவே மாட்டேன் என்றது. அக்கா அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நீல வட்டங்களை ஒட்டினாள். வரிசைக் கம்பியின் ஒவ்வொரு தூணையும் கையால் தொட்டதும் ஒரு வட்டம் போகும். வட்டம் தீர்ந்தால் அருவி. தூண்களின் எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாதே என்கிறீர்களா? அதனால்தான் வேறு யாராவது முதலில் ஓடிப்போய் எண்ணிவிட்டு வரவேண்டும். மாமன் எதற்கு இருக்கிறேன்!

இதற்கெல்லாம் ஒத்திகை வேண்டும். எடுத்ததும் குற்றாலம் கூடாது. தெருமுனை பஜ்ஜிக்கடையில் முன்னால் மூன்று பேர் நிற்கிறபோது பழக்கலாம். முடிவில் பஜ்ஜி நிச்சயம். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வா வரிசை இதற்கு ஆகாது. சாயங்காலம்தான் திறப்பார்கள், கூட்டம் நெருக்கும், நம் முறை வரும்போது சரக்கு இருக்குமா என்பது பெரியவர்களுக்கே தெரியாது.

உலகத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களும் இதில் தடுமாறித்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அட்டை கொடுத்துவந்தார்கள். வசதியுள்ள சிலர் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவரைக் காட்டி வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று 2013-ல் செய்தி வந்தது. அந்த ஆண்டே முறையை மாற்றினார்கள். இப்போது ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை வேறு எங்காவது இருந்துவிட்டு அந்த நேரத்துக்கு வரவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இது போதாது என்று ஆட்டிசக் குடும்பங்கள் 2014-ல் வழக்குப் போட்டன. அதில் ஒரு வழக்கில் 2020-ல் பூங்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்தப் பெற்றோரின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த முறையில் நமக்கு உதவுகிற ஒன்று இருப்பதாகவே நினைக்கிறேன். காத்திருக்கிற நேரம் குறையவில்லை. காத்திருக்கிற இடம் மாறுகிறது.

அதை நாம் இங்கே காசில்லாமல் செய்யலாம். ஒருவர் வரிசையில் நிற்க, பிள்ளை தள்ளி மர நிழலில் இருக்கட்டும். முறை நெருங்கும்போது போன் போட்டால் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று, பின்னால் நிற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். "அண்ணாச்சி, எம் பிள்ளைக்கு ஆட்டிசம். நெரிசல் தாங்க மாட்டான். கடைசில வந்து சேந்துக்கிடுவான்." கடைசி நேரத்தில் பிள்ளையை நுழைத்தால் சண்டைக்கு வருகிற அதே அண்ணாச்சி, முதலிலேயே சொன்னால் தனக்குப் பின்னால் இருப்பவர்களிடமும் சொல்லி வைப்பார். ஆஸ்பத்திரி ஓ.பி.யிலும் இதே கதைதான். டோக்கனை வாங்கிக்கொண்டு வெளியே இருக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பது சலுகை அல்ல. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசமும் அதில் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு 40 கூறுகள் கொண்ட ஒரு மதிப்பீட்டை வைத்துப் பிள்ளையைப் பார்ப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், சின்ன வயதிலேயே பயிற்சி தரும் வேலையைப் பெரிய அளவில் செய்துவருகிறது.

அடையாள அட்டை இருந்தாலும் ஒரு தொல்லை தீராது. பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு டிக்கெட் கவுண்டரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பையன் நல்லாத்தானம்மா இருக்கான்?" என்றார் ஒருவர். "நல்லாத்தான் இருக்கான். உங்க லைன்தான் நல்லா இல்ல" என்றாள் அக்கா. லண்டன் காட்விக் விமான நிலையத்தில் 2016-ல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ள, பச்சை நாடாவில் சூரியகாந்திப் பூ போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று பல நாடுகளில் அதைப் பார்க்கலாம். அதை மாட்டிக்கொண்டு ஐந்தருவியில் நின்றால் என்ன கடை விளம்பரம் என்றுதான் கேட்பார்கள். பொருட்காட்சி நடத்துகிறவர்கள் நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தால்கூடப் போதும்: இந்தப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இன்னாரைப் பாருங்கள் என்று.

அருவிக்கரையில் இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீரின் ஈர்ப்பில் இந்தப் பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவார்கள். பலருக்கு ஆபத்தின் அளவு தெரியாது. தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரியவருக்கு இந்தப் பிள்ளையைத் தவிர வேறு வேலை இருக்கக்கூடாது, செல்பியும் சேர்த்துத்தான். போன் நம்பரைச் சட்டையின் உள்பக்கம் எழுதிவையுங்கள். குளிக்கும்போது சட்டை கழன்றுவிடுமே, அதனால் கையிலும் பேனாவால் எழுதலாம். கூட்டமில்லாத வார நாளில், விடிந்தும் விடியாமலும், புலியருவி மாதிரி சின்ன இடத்துக்குப் போனால் பாதித் தொல்லை இல்லை.

மீதித் தொல்லை குற்றாலத்துக்கே உரியது. எல்லா வட்டமும் பிய்த்து முடித்து அருவிக்குப் பக்கத்தில் வந்திருப்போம். மலையில் மழை கொட்டி வெள்ளம் கூடிவிடும். குளிக்கத் தடை என்று எல்லாரையும் திருப்பி அனுப்புவார்கள். நல்ல காரணம்தான், மறுபேச்சுக் கிடையாது. அதற்காக அக்கா அட்டையின் பின்பக்கத்தில் இன்னொரு வரிசை ஒட்டி வைத்திருக்கிறாள்: குறுக்கே சிவப்புக் கோடு போட்ட அருவி, பஜ்ஜி, கார், வீட்டுக் குழாய். காலையில் கிளம்பும்போதே இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுவாள். பின்பக்கத்தைத் திருப்பவேண்டி வந்த அன்று அவன் அழத்தான் செய்தான். அழுதுகொண்டே பஜ்ஜிப் படத்தைப் பிய்த்து என் கையில் வைத்தான். வாழைக்காய் பஜ்ஜிதான், என் பங்கும் அவனுக்கே போயிற்று.