நாய்க்கும் பேர் எழுதிய கல்

(பட்டிமன்றத் தலைப்பு: பழங்கால வீரத்தை உள்ளபடி காத்து நிற்பது சொல்லா? கல்லா? ‘கல்லே’ அணியில் பேசியது.)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே, ‘சொல்லே’ என்று எங்களைச் சொல்லால் அடித்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அரங்கத்திலும் தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா அவர்கள் நம்மை எல்லாம் கிரேக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டிராய் நகரம், மரக்குதிரை, அகிலிஸ் வீரனின் குதிகால், இத்தனையும் உலகம் இன்றைக்கும் பேசுகிறதே, ஹோமர் பாடியதனால்தானே பேசுகிறது, கல்லா காப்பாற்றியது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. நானும் கிரேக்கத்துக்கு வருகிறேன் அம்மா. போகிற வழியில் மதுரை கே.கே. நகரில் ஒரு நிமிஷம் இறங்கிக்கொள்கிறேன். என் வீடு அங்கேதான் இருக்கு. (சிரிப்பு)

காலையிலே வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நானும் எங்கள் தெரு நண்பர் ஒருவரும் நடக்கப் போவோம். போன வருஷம் அவர் வீட்டுக்கு ஒரு திருடன் வந்துவிட்டான். மறுநாள் காலையில் சொன்னார்: “சார், நாய் குரைச்சுது. எந்திரிச்சு லைட்டைப் போட்டேன். ஓடிட்டான்.” பொங்கலுக்குச் சொல்லும்போது, “ரெண்டு பேர் சார். கம்பை எடுத்துக்கிட்டு விரட்டினேன்” என்றார். சித்திரைத் திருவிழாவுக்கு அவர் மச்சினன் வந்திருந்தார். “நாலு பேர் மாப்ளே, கையில அருவா!” நான் பக்கத்திலேயே நின்றேன். “சார், அந்த நாய்...” என்று இழுத்தேன். “எந்த நாய்?” என்று கேட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரே தெரு, ஒரே வருஷம், ஆள் உயிரோடு இருக்கிறார். அதற்குள் ஒரு திருடன் நாலு திருடன் ஆகிவிட்டான். காப்பாற்றிய நாய் கதையை விட்டே போய்விட்டது. சொல்லின் குணம் இதுதான். வளரும். வளரும்போது யாரோ ஒரு சின்ன உயிரை மிதித்துக்கொண்டு வளரும்.

இப்போது கிரேக்கத்துக்குப் போவோம். அம்மா சொன்ன மரக்குதிரை இலியட்டில் கிடையாது; ஒடிசியில்தான் வருகிறது. குதிகால் கதையும் இலியட்டில் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. சரி, ஹோமர் பாட்டை நம்பித்தானே ஷ்லீமன் என்கிற ஜெர்மானியர் துருக்கியில் மண்ணைத் தோண்டி டிராயைக் கண்டார் என்பீர்கள். உண்மை. ஆனால் என்ன நடந்தது? 1873இல் பொன் நகைகள் கிடைத்தவுடன், இது டிராய் மன்னன் பிரியாமின் புதையல் என்று அறிவித்துவிட்டார். பிறகு அறிஞர்கள் ஆராய்ந்தால், அந்தப் பொன் டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வருஷம் முந்தியது! பொன் பொய் சொல்லவில்லை. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த கண்தான் தப்பாகப் படித்தது.

நம்ம ஊருக்கு வருவோம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். சின்ன வயசிலே அரியணை ஏறியவன். சேரன், சோழன், வேளிர் ஐவர் என்று ஏழு பேர் சேர்ந்து வருகிறார்கள். ஒருவனாக நின்று வென்றான் என்று புலவர்கள் பாடினார்கள். நெஞ்சு நிமிர்கிறது, நான் மறுக்கவில்லை. அந்த நெடுஞ்செழியனிடம் பிடிபட்டிருந்த சேரன் ஒருவன் தப்பிப் போய் மறுபடி அரசாண்டான், அதுவும் புறநானூற்றிலேயே இருக்கிறது. பல நூறு வருஷம் கழித்து, பத்தாம் நூற்றாண்டில், சின்னமனூர்ச் செப்பேடு எழுதுகிறார்கள். அதில் தலையாலங்கானத்தில் இரு வேந்தர் தலையையே வெட்டிவிட்டான் பாண்டியன்! அந்த இரு வேந்தர் சேரனும் சோழனும் என்றால், தப்பிப் போனவனுக்குத் தலை எங்கிருந்து வந்தது? (சிரிப்பு)

“செப்பேடும் எழுத்துதானேய்யா, உங்கள் கட்சிதானே?” என்று நடுவர் கேட்கலாம். இல்லை ஐயா. அது அரண்மனைக்குள்ளே பேரன் தன் பாட்டன் பெருமையை எழுதிக்கொண்டது. நான் சொல்லும் கல் வேறே. செத்தவன் செத்த ஊரில், பார்த்தவர்கள் கண்ணெதிரே நட்ட நடுகல். உளி பிடித்தவன் ஒரு எழுத்து வெட்டுவதற்குள் வேர்த்துவிடும். பொய்யைச் சேர்த்து வெட்ட அவனுக்கு எங்கே நேரம்? (கைதட்டல்)

இன்னொன்று கேட்கிறேன். தலையாலங்கானத்துப் பாட்டுகளில் ஏழு அரசர் உண்டு, யானை உண்டு, முரசு உண்டு. அன்றைக்குக் களத்தில் செத்த காலாட்படைக்காரன் ஒருவன் பேராவது உண்டா? அவனுக்கும் ஒரு தாய் இருந்தாளே ஐயா! அவனைப் பாட ஒரு புலவர் வரவில்லை. ஏன்? அவனிடம் பரிசு கொடுக்க யானை இல்லை.

ஆனால் தேனி மாவட்டம் புலிமான்கோம்பைக்கு வாருங்கள். வைகைப் பக்கம். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகல் கண்டார்கள். தமிழ்பிராமி எழுத்து. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை என்று கணிக்கிறார்கள். அதில் ஒன்று கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் பட்டவனுக்கு நட்ட கல். பட்டவன் பேர் தீயன் அந்தவன். அவன் மூவேந்தன் அல்ல, வள்ளலும் அல்ல. எத்தனை பேரைக் கொன்றான்? ஒரு எழுத்து இல்லை. இங்கேதான் நான் உங்களை நிறுத்துகிறேன். நடுகல் கொன்றவனுக்கு நடுவது இல்லை, செத்தவனுக்கு நடுவது! தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படி சொல்கிறதே, கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரைக்கும் எல்லாமே செத்தவனுக்குச் செய்கிற மரியாதை. வென்ற கணக்கு அதிலே கிடையாது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இன்னொரு கல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். அவனுடைய நாயும் அந்தக் கல்லிலே இருக்கிறது. அதன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். என்ன செய்தது? இரண்டு கள்ளரைக் கடித்தது. கவனியுங்கள், இரண்டே இரண்டு! நாலு இல்லை, நாற்பது இல்லை. என் கே.கே. நகர் நண்பர் ஒரே வருஷத்தில் நாயை மறந்துவிட்டார். இந்தக் கல் ஆயிரத்து நானூறு வருஷமாக நாயை மறக்கவில்லை! (பலத்த கைதட்டல்)

இது எனக்குப் பட்டிமன்றப் பேச்சு மட்டும் இல்லை. என் சொந்த ஊர் வைகைக் கரையிலே ஒரு சின்னக் கிராமம். ஊர் எல்லையில் பட்டவன் சாமி கல் இருக்கிறது. எழுத்து இல்லாத கல். “அப்பத்தா, சாமி எத்தனை பேர வெட்டுனாரு?” என்று கேட்டேன். “ஏழு பேருடா அப்பு” என்றாள். பெரியப்பாவைக் கேட்டால் எழுபது. திருவிழா மைக்கிலே எழுநூறு. எண்ணிக்கை ஏற ஏற, சாமி யார் வீட்டு முன்னோர் என்ற பேச்சும் ஏறியது. நான் கல்லூரியில் படித்த வருஷம், முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தெருவுக்குள் கல்லெறி. ஒருத்தனுக்கு ஒரு கண் போச்சு. ஆரம்பப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சிலேட்டில் எழுதினவன். இன்றைக்கும் ஊருக்குப் போனால், என் குரலைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்புவான்.

அந்தக் கண்ணை எடுத்தது பட்டவன் சாமி இல்லை ஐயா. எழுத்தில்லாத கல்லின் மேல் நாங்கள் ஏற்றிவைத்த கதை. ‘இன்னான் மகன் இன்னான், இந்த மாட்டைக் காக்கச் செத்தான்’ என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால், அவனை நினைத்து அழுதிருப்போம். அடித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

அதற்காகப் பாட்டை எரித்துவிடச் சொல்கிறேனா? தமிழ் வாத்தியார் சொல்வேனா? பாட்டு எனக்குச் சோறு. ஆனால் பாட்டைப் பாட்டாகப் படியுங்கள். சாட்சி வேண்டும் என்றால் கல்லைக் கேளுங்கள் என்கிறேன்.

கடைசியாக அம்மா அவர்களுக்கு ஒரு வார்த்தை. இலியட் எப்படி முடிகிறது? அகிலிஸின் வெற்றியில் இல்லை. மகனைக் கொன்றவன் கூடாரத்துக்கே கிழட்டுத் தகப்பன் பிரியாம் போய், கையைப் பிடித்துக் கெஞ்சி, மகன் ஹெக்டரின் உடலை வாங்கி வருகிறான். எரித்து, எலும்பை எடுத்துக் குழியில் வைத்து, அதன் மேல் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெரிய பெரிய கல்லாக அடுக்குகிறார்கள். செத்தவனுக்குக் கல்! உங்கள் ஹோமரே கடைசியில் எங்கள் அணிக்கு வந்துவிட்டார் அம்மா! (பலத்த கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, கொன்றவன் கணக்கைப் பெருக்கியது சொல். செத்தவன் பேரைக் காத்தது கல். கோவிவனுக்குக் கிடைத்த நியாயம் தீயன் அந்தவனுக்கும் பேர் தெரியாத எங்கள் ஊர்ப் பட்டவனுக்கும் கிடைக்கும்படி, ‘கல்லே’ என்று தீர்ப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமைகிறேன்.